ஏணிக்கு மேலே லெமன் கேக்

"உனக்கென்ன பைத்தியமா தெல்மா? வீட்டை இப்படியா துடைச்சு வைப்பே?"

பின்வாசலில் நின்ற பக்கத்து வீட்டு மாவிஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

தெல்மா காலை ஆறு மணிக்கே துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தாள். தரை பளபளத்தது. திரைச்சீலைகள் இஸ்திரி மணத்தோடு தொங்கின. மேஜை மேல் ஒரு லெமன் கேக் வேறு ஆறிக்கொண்டிருந்தது. நகரக் கவுன்சிலிலிருந்து பதினோரு மணிக்கு ஓர் அம்மா வரப்போகிறாள், பராமரிப்பு மதிப்பீடு; வீட்டுக்கு உதவி ஆள் தேவையா என்று பார்த்து எழுதுவாள். கடிதம் போன வாரம் வந்தது. ஏற்பாடு செய்தது யாரென்று அதில் இல்லை. டாக்டராகத்தான் இருக்கும் என்று தெல்மா தானே முடிவு கட்டிக்கொண்டாள். கணவன் டெரிக்குக்கு நடுக்குவாதம் வந்து மூன்று வருடமாகிறது. டாக்டருக்குத் தெரியாதா?

"வர்றவங்க என்ன நினைப்பாங்க? அதான் கொஞ்சம்..."

"என்ன நினைப்பாங்களா? எங்க அக்கா கதை தெரியுமில்ல? இப்படித்தான் கேக் சுட்டு வெச்சா. வந்தவ ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, 'நல்லா சமாளிக்கறீங்க'ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா. உதவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இருக்கறதுலயே மோசமான நாள் எப்படி இருக்குமோ, அதைக் காட்டணும் நீ!"

தெல்மா கேக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்க நினைத்தது பெரிய உதவி ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் டெரிக்கோடு யாராவது உட்கார்ந்திருந்தால் போதும்; அவள் தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போய்ப் பாடிவிட்டு வருவாள். பாடி இரண்டு வருடமாகிறது. இப்போதெல்லாம் அவள் பாட்டைக் கேட்பது சமையலறைக் கெண்டி மட்டும்தான். அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காவிட்டால் ஒரு நாள் தெருவில் நின்று கத்திவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"இப்ப என்ன பண்றது?"

"கலைச்சுப் போடு!"

தெல்மா கலைத்துப் போட்டாள். பழைய செய்தித்தாள்களைக் கூடத்தில் விசிறினாள்; ஓரம் கோணலாக இருந்தது பொறுக்காமல் குனிந்து நேராக்கினாள். தொட்டியில் போட அழுக்குத் தட்டு ஒன்றுகூட இல்லை. மாவிஸ் வீட்டிலிருந்து ஆறு வந்தன. அவற்றில் முந்தாநாள் கிரேவி காய்ந்து ஒட்டியிருந்தது. மாவிஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் தெல்மா ஆறையும் கழுவி அடுக்கிவிட்டாள்.

"அடிப்பாவி!"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது மாவிஸ்!"

அந்த நேரம் பார்த்து டெரிக் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கோட், சூட், முப்பது வருடம் பேருந்து ஓட்டியபோது கட்டிய டை. முகத்தில் புது சவரம், மூன்று இடத்தில் பிளாஸ்திரி. கையில் வாக்கர் இல்லை.

"வாக்கர் எங்க?"

"தோட்டத்துக் கொட்டகையில."

"எதுக்கு?"

"அதை எதுக்குக் காட்டணும்? நான் என்ன கிழவனா?"

"எண்பது வயசாகுது!"

"அதைத்தான் நானும் சொல்றேன். இன்னும் தொண்ணூறு ஆகல."

தெல்மா ஓடிப்போய் வாக்கரைத் தூக்கி வந்தாள். அவள் திரும்பிய நேரத்தில் டெரிக் அதை ஜன்னல் வழியாக ரோஜாச் செடி மேல் இறக்கினார். அவள் மறுபடி எடுத்து வந்து குடைகளுக்குப் பின்னால் வைத்தாள். இரண்டு நிமிடத்தில் அது மறுபடி ரோஜாவுக்குப் போனது. டெரிக்கின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. கை நடுங்க, பைக்குள் இருந்த சாவிக்கொத்து விடாமல் கிணுகிணுத்தது.

"கையை வெளிய எடு டெரிக். அவங்க பார்க்கணும்."

"குளிருது."

"ஜூலை மாசத்துல?"

"இது ஹாலிஃபாக்ஸ்."

வட இங்கிலாந்தில் அந்த ஊருக்கு ஜூலையும் குளிர்காலம்தான்.

"கேக்! கேக்கை ஒளிச்சு வை முதல்ல!" என்று மாவிஸ் பதறினாள்.

தாழ்வான இடத்தில் வைத்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அலமாரி உச்சிதான் சரி. தெல்மா மடக்கு ஏணியை விரித்து, ஒரு கையில் கேக்கோடு நாலாவது படியில் ஏறினாள். "ஏறாதேன்னா கேக்கறியா?" என்று டெரிக் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த பிறகுதான் ஏணி ஆடத் தொடங்கியது.

"விடு டெரிக்! நீ பிடிக்காம இருந்தாலே நிக்கும்!"

மணி பத்தரை. வாசல் மணி அடித்தது. கைக்கு வேலையில்லாமல் நின்ற மாவிஸ் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"நான் நடாலி, கவுன்சில்லேர்ந்து. கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று உள்ளே வந்த பெண், ஆடும் ஏணியையும் அதன் மேல் ஒற்றைக்காலில் நின்ற எழுபத்தாறு வயது அம்மாளையும் பார்த்துக் குறிப்பேட்டைத் திறந்தாள்.

தெல்மா கேக்கை அலமாரி உச்சியில் தள்ளிவிட்டு எப்படியோ இறங்கி வந்து உட்கார்ந்தாள். பதிலையெல்லாம் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தாள். முடியல, களைச்சுப் போயிட்டேன், உதவி வேணும்.

"எப்படி இருக்கீங்க மிஸஸ் கிரீன்வுட்?"

"நல்லா இருக்கேன்மா. குறையொண்ணும் இல்ல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த ஊரில் பிறந்த வாய் வேறெதுவும் சொல்லிப் பழகியதில்லை. மாவிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ராத்திரி தூக்கமெல்லாம்?"

"பரவாயில்ல."

"முதுகு வலி ஏதாவது?"

"எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

நடாலி எழுதினாள். டெரிக் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து கிணுகிணுத்தது. டீ வந்தது. வெறும் டீ. வீட்டுக்கு வந்தவள் வெறும் டீயைக் குடிப்பதைத் தெல்மா ஒரு நிமிடம் பார்த்தாள், இரண்டு நிமிடம் பார்த்தாள். மூன்றாவது நிமிடம் எழுந்து விடுவிடுவென்று ஏணியில் ஏறினாள்.

"வேணாம் மிஸஸ் கிரீன்வுட்!"

"ஒரு துண்டு சாப்பிடும்மா. காலைலதான் சுட்டது."

கேக்கை வெட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடாலி இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். போச்சு. நல்லா சமாளிக்கறீங்க. செவ்வாய்க்கிழமை போச்சு. கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அத்தனையும் பொய்மா! நான் நல்லா இல்ல. ராத்திரி நாலு தடவை எழுந்துக்கறேன். இவர் ஷூவை நான்தான் கட்டறேன், இந்த டையும் நேத்தே நான் முடிச்சுப் போட்டு வெச்சது. அந்தக் கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க! வாக்கர் ரோஜாச் செடி மேல கிடக்கு. எனக்கு இவர் மேல கொள்ளை ஆசை, ஆனா வாரத்துல ரெண்டு மணி நேரம், ரெண்டே மணி நேரம் நான் பாடப் போகணும். அவ்வளவுதான்!"

சாவிக்கொத்து மட்டும் கிணுகிணுத்தது. டெரிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடாலி குறிப்பேட்டை மூடிவிட்டு, கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமைதானே? அதைக் கேட்டுத்தான் மிஸ்டர் கிரீன்வுட் போன மாசமே எங்களுக்கு ஃபோன் பண்ணிட்டாரே: 'பார்த்துக்கறவன் நான், பார்த்துக்கப்பட வேண்டியவ என் பொண்டாட்டி, கேட்டா நல்லா இருக்கேன்னு பொய் சொல்லுவா, ஏணியில ஏறுவா, அவளைப் பாட வெளிய அனுப்பி வெச்சுட்டு என்கூட டாமினோ ஆட ஒரு ஆள் அனுப்புங்க'ன்னாரு."