கை தூக்கினால் வேலை நிற்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. அந்த வரியை நீயே போட்டுக்கொள்.

நம் தம்பி சின்னவன் குடியை விட்டு, சிகிச்சை முடிந்து என் வீட்டுக்கு வந்த அன்று நான் அழுதேன், நீயும் போனில் அழுதாய். இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன் பார், என் புத்தியை என்ன சொல்ல! விட்டவர்கள் சும்மா இருக்கக் கூடாதாம், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டுமாம். அவனும் அவனோடு குடியை விட்டவர்களும் சேர்ந்து, கவனிக்க ஆளில்லாத முதியவர்களின் வீடுகளை இலவசமாகப் பழுதுபார்க்கிறார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? முதல் முதியவராக என்னைச் சொல்லிவிட்டான். கவனிக்க ஆளில்லையா என்று என் மனைவி கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது நிஜமாகவே ஆளில்லை.

வந்தவங்கள்ல குழாய்க்காரர் ஒருத்தருக்குத்தான் வேலை தெரியும். பெயின்ட் அடிக்கிறது தையல்காரர். இஞ்சு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு சுவரைச் சுத்திச் சுத்தி அளந்தார், அதுக்கே ஒரு நாள் போச்சு. கதவை பஸ் டிரைவர் சரிபண்ணினார், அதுலேர்ந்து அது மூடவே மாட்டேங்குது. அதெல்லாம்கூடப் போகட்டும்க்கா. அவங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு இருக்கு. யாருக்காவது குடிக்கணும்னு தோணிச்சுன்னா கையைத் தூக்கணும். தூக்கினா, மத்தவங்க செய்யற வேலையை அப்படியே போட்டுட்டு அவரைச் சுத்தி உட்கார்ந்து, அந்த ஆசை அடங்கற வரைக்கும் பேசணும். தையல்காரர் கை தூக்கினதால சுவர் பாதி பச்சை, பாதி பழைய அழுக்கு. இன்னைக்குக் காலையில குழாய்க்காரர், கழட்டின குழாயைப் பிடிச்ச கையையே தூக்கிட்டார். மக கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்பிடலையாம். பாவம், மனுஷன் உடைஞ்சு போய் உட்கார்ந்திருக்கார், எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க, நான் வாளியோட ஓடறேன்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுதா? நான் ஏதாவது சொல்லி, சின்னவன் மனசு விட்டுப்போய், திரும்பவும் பாட்டிலைத் தொட்டுட்டா? இன்னொரு தடவை குடிச்சா ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அந்தப் பயத்துலயே எல்லாத்துக்கும் பரவாயில்லப்பா, பரவாயில்லப்பான்னு சொல்லிச் சொல்லி எனக்கே பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். கடிதம் கண்டதும் அத்தானை அனுப்பிச் சின்னவனைக் கூட்டிக்கொண்டு போ. உன் வீட்டிலும் சுவர் இருக்கிறது. என்னால் இனி ஒரு நாள்கூட முடியாது.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, ஈரம் படாமல் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
கவனிக்க ஆளில்லாத உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள சின்னவன் கையைத் தூக்கிட்டான். செத்துப்போன அவன் பொண்டாட்டி படத்தைத் திரும்ப மாட்ட ஆணி அடிச்சுக்கிட்டிருந்தான். "அண்ணே, இப்பவே கடைக்கு ஓடிடுவேன் போல இருக்கு. என்னை விட்டுடாதே"ன்னான். தையல்காரர் பிரஷைப் போட்டார், டிரைவர் கதவை விட்டார், குழாய்க்காரர் குழாயைத் திரும்பவும் திறந்தபடியே விட்டுட்டு ஓடி வந்தார். தண்ணி கூடத்துக்கு வந்துடுச்சு. யாரும் எழுந்துக்கல, நானும் எழுந்துக்கல. தண்ணியிலயே உட்கார்ந்து அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவளைப் பத்தியே பேசினான். அழுதான். சாயங்காலம்தான் அடங்கிச்சு. கடைக்குப் போகல.

அத்தானை அனுப்பாதே. வேலை முடிஞ்சா இவங்க அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்களாம். நாளைக்கே முடிச்சிடறேன்னு குழாய்க்காரர் சொல்றார். ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லிட்டேன்.