காகிதப்பூ பிடித்து வைத்த விருந்தாளிகள்

புதுநகரம்,
பாலக்காடு.

மரியாதைக்குரிய மீரான் ராவுத்தர் அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 'அன்புள்ள சம்பந்தி' என்றுதான் கை முதலில் எழுதியது. அந்த உரிமையை நீங்கள் இன்னும் தரவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அண்ணன் என்று தொடங்குகிறேன். குமுளியில் நீங்களும் அண்ணியும் பிள்ளை ஷாஜியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஏலக்காய் விலையும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஜொஹராவும் மகள் சுஹைனாவும் நலம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் 'ஹலோ'வைக் கேட்டதும் என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் பாத்திரக் கடை எண்ணிலிருந்து உங்களுக்கு வந்த பேசாத அழைப்புகள் எல்லாம் என்னுடையவைதான். மன்னிக்கவும்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வாசலில் நடந்ததை விளக்கவே இந்தக் கடிதம். அந்தக் காகிதப்பூக் கொடியை சுஹைனா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி வந்து கேட் ஓரம் நட்டாள். அவள் நட்டதோடு சரி, வளர்த்தது நான். காலையும் மாலையும் தண்ணீர், ஆட்டுப் புழுக்கை, மீன் கழுவிய தண்ணீர் என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அது கேட் மேலிருந்த இரும்பு வளைவில் ஏறியது, சன்ஷேடில் ஏறியது, கரண்டுக் கம்பியை எட்டிப் பார்த்தது, ஆனால் ஒரு பூ பூக்கவில்லை. "அத்தா, தண்ணி கொறச்சாத்தான் அது பூக்கும். நீங்க ஊட்டி ஊட்டி அதைச் சோம்பேறி ஆக்கி வச்சிருக்கீங்க" என்றாள் சுஹைனா. பச்சைச் செடியைப் பட்டினி போடுவதா என்று நான் சண்டை பிடித்தேன். அவள் தண்ணீர்க் குழாயை ஒளித்துவைத்தாள். நான் டம்ளரில் கொண்டுபோய் ஊற்றி, கையும் டம்ளருமாகப் பிடிபட்டேன். கடைசியில் அவள் சொன்னதுதான் சரி. நீங்கள் வருவதாகத் தகவல் வந்த சமயம் வாசல் முழுக்க ஒரே ரோஸ் நிறம். கொல்லங்கோடு பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் நான் வளர்த்தது என்று சொல்லிக்கொண்டேன்.

"கொம்பெல்லாம் முள்ளோட தொங்குது அத்தா, வெட்டி விடுங்க" என்றும் அவள் சொன்னாள். நுனியில்தான் பூ கொத்துக்கொத்தாக இருந்தது, விருந்தாளிகள் பார்க்க வேண்டாமா என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கிழக்குக் காற்றைத்தான் மறந்தேன். நீங்கள் கேட்டுக்குள் குனிந்த அதே நொடியில் காற்றும் வந்தது. உங்கள் தொப்பி மேலே போய்ப் பூவோடு பூவாக ஆடியது. நீங்கள் தலையைத் தடவிப் பார்த்து, "இங்கனதானே வச்சிருந்தேன்" என்றீர்கள். நான் ஸ்டூலில் ஏறித் தொப்பியை இழுத்தேன். தொப்பி வந்தது. இழுத்த கொம்பு திரும்பிப் போய் அண்ணியின் புதுப் பட்டு முந்தானையைப் பிடித்தது. அதை விடுவித்ததும் நான்தான். கிழித்ததும் நான்தான்.

நீங்கள் உள்ளே நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பிப் போகும்போதும் இது யாரையாவது பிடித்தால் என்ன செய்வது என்று வெட்டுக்கத்தியோடு போய், அடித்தண்டிலேயே ஒரு போடு போட்டேன். அந்தத் தண்டுதான் துருப்பிடித்த இரும்பு வளைவையே தாங்கி நின்றது என்பது எனக்கு எப்படித் தெரியும்? வளைவும் கொடியும் சேர்ந்து கேட்டின் மேல் படுத்துவிட்டன. வெளியே வந்தால் நெஞ்சுயரத்துக்கு முள். பக்கத்து வீட்டு டின்சி டீச்சர்தான் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இந்த வழிக்கு வாங்கோ, குழப்பமில்ல" என்றார். அடுக்களை வழியாக, கோழிக்கூட்டைத் தாண்டி, உங்களை ஸ்டூலில் ஏற்றி மதில் மேல் உட்காரவைத்தோம். "கொஞ்சம் புடிங்கப்பா, ரெண்டு பக்கமும் காலு எட்டல" என்று வெள்ளை வேட்டியோடு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. ஷாஜி சிரித்தார். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று இன்றுவரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

காரில் ஏறும்போது நீங்கள் ஒரே வார்த்தை சொன்னீர்கள்: "பாப்பம்." என் கடையில் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னவர் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. "குமுளிக்காரங்க சரின்னு சொல்றதே அப்படித்தான் இருக்கும், நீங்க சும்மா இருங்க" என்கிறாள் ஜொஹரா. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இந்தச் சம்பந்தம் போனால் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் மகளிடம், பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாரும் சிரிச்சிட்டிருந்தப்ப அவரு மட்டும் சிரிப்பை நிறுத்திட்டு அவங்கம்மாவைக் கை தாங்கி மதில்லேந்து எறக்குனாரே, அப்பப் புடிச்சுது அத்தா" என்றாள். வளர்ந்த பிறகு அவள் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. இதுவும் கேட்டது இல்லைதான். ஆனாலும் எனக்குத் தூக்கம் போய்விட்டது, அண்ணே.

செத்துவிட்டது என்று நினைத்த அடிக்கட்டை, யாரும் தண்ணீர் காட்டாமலேயே செந்தளிர் விட்டிருக்கிறது. வேலிக்கால் நட்டு, தளிரையெல்லாம் பக்கச் சுவர் மேல் திருப்பிக் கட்டிவிட்டேன். வாசல் இப்போது லாரியே நுழையும்படி இருக்கிறது. குடும்பத்தோடு ஒருமுறை நேர்வழியாக வந்து, நேர்வழியாகத் திரும்பிப் போங்கள். அண்ணிக்கு ஒரு புதுப் பட்டு எடுத்து வைத்திருக்கிறோம். என் முரட்டுக் கையை வைத்து என் மகளை எடைபோட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத்தை நிறைத்துத் தரட்டும். பெரியவர்களுக்கு எங்கள் சலாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியிலேயே நாற்காலி போட்டிருக்கும்,
குஞ்சு முகம்மது

பி.கு.: உறையில் போடும் முன் இதை ஜொஹராவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிப்பு தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடைக்குப் போன பிறகு அண்ணியும் இவளும் தினமும் போனில் பேசுகிறார்களாம். வெட்டிப் போட்ட கொம்புகளில் சிலவற்றை ஷாஜி அன்றே காரில் எடுத்துப்போய் உங்கள் வீட்டு முன்னால் நட்டிருக்கிறாராம். அது விடும் ஒவ்வொரு இலையும் சுஹைனாவுக்குப் போட்டோவாக வந்துகொண்டிருக்கிறதாம். நிக்காஹ்வுக்கு மாதம்கூடக் குறித்தாகிவிட்டதாம். "ஆம்பளைங்க கிட்ட இப்பவே சொன்னா எதையாவது வெட்டிச் சாய்ப்பாங்கன்னு வச்சிருந்தோம்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். உங்களுக்கும் இது தெரியாது என்றால், இன்று சாப்பிட உட்காரும்போது அண்ணியிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதம் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.