சொன்னால் நகரும் எடை

"உங்க எடை எவ்வளவு சார்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

ஆடிட்டர் ஓய்வு பெறும்வரை பிறரைக் கேள்வி கேட்டே வாழ்ந்தவர். தம்மை ஒருவர் கேட்பது, அதுவும் இப்படி ஒரு கேள்வி கேட்பது, அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான் வாங்க வந்தது மோட்டார். என் எடை எதுக்கு?"

"போர்டு மேல நீங்கதானே நிக்கப் போறீங்க?"

"நான்தான்."

"அப்ப உங்களையும் சேர்த்துத்தானே அது தள்ளணும்?"

நியாயமான பேச்சுதான். ஆடிட்டர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "எழுபது" என்றார். மூச்சை வெளியே விட்டதும் சட்டைப் பொத்தான்கள் வேறு கணக்குச் சொல்லின. கடைக்காரப் பெண் நாகரிகமானவள். கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

போர்டு என்று அவர்கள் சொன்னது, ஒருவர் நின்றபடியே நீளத் துடுப்பு போட்டுக்கொண்டு போகிற மிதவைப் பலகையை. ஆடிட்டரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவருடைய சம்பந்தியும் ஆளுக்கொரு போர்டில் ஏறி, நடு ஏரியில் மிதக்கும் ஆரஞ்சு நிற உருண்டையைச் சுற்றிவிட்டு வருவார்கள். சம்பந்தி என்பவர் மருமகளின் தந்தை, தொழிலால் பல் டாக்டர். பந்தயம் என்று இருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் அது இவ்வளவு தீவிரமாக நடந்துவந்தது.

போன ஞாயிறு பல் டாக்டர் இவரை முந்திக்கொண்டு போனார். முந்தியதைக்கூட மன்னித்துவிடலாம். போகிற போக்கில் திரும்பி, தொழிலுக்கு விளம்பரம்போல எல்லாப் பல்லையும் காட்டி, "மெதுவாவே வாங்க சம்பந்தி. அவசரமே இல்லை" என்றார். கரையில் இருந்த மருமகள் அதைக் கேட்டாள். மகனும் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். பெற்ற மகன்.

வரும் ஞாயிறு அந்த மகனுக்குத் திருமண நாள். இரண்டு வீட்டு உறவுகளும் ஏரிக்கரையில் கூடப்போகிறார்கள். அத்தனை பேர் காதுபட இன்னொரு 'மெதுவாவே வாங்க' விழுந்தால், அப்புறம் தம் குடும்பத்தில் ஒருவரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது ஆடிட்டரின் முடிவான கருத்து.

"மோட்டார் இருக்கிறது வெளியே தெரியக் கூடாது" என்றார்.

"தெரியாது சார். போர்டுக்கு அடியில மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும் பாருங்க, அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதை மாட்டணும். தண்ணிக்குள்ளேயே இருக்கும். பேட்டரி மட்டும் மேல, பின்பக்கம். கையில வாட்ச் மாதிரி ரிமோட் கட்டிக்கலாம்."

"சத்தம்?"

"லேசா ஒரு ரீங்காரம் வரும். யாருக்குக் கேட்கக் கூடாது?"

"சம்பந்திக்கு."

"அவருக்குக் காது எப்படி?"

"இடது காது கொஞ்சம் மந்தம்."

"அப்ப அவருக்கு இடது பக்கமா முந்துங்க" என்றாள் அவள், இதெல்லாம் தினமும் வருகிற சந்தேகம் என்பதுபோல. பிறகு கைக்கு அடக்கமான ஒரு மோட்டாரை எடுத்து வைத்தாள். "எழுபது கிலோவுக்கு இது தாராளம்."

இது ஏமாற்று வேலை இல்லையா என்று யாராவது கேட்டால் ஆடிட்டரிடம் பதில் இருந்தது. பொய் சொல்வது வேறு, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெரிய பெரிய கம்பெனி முதலாளிகளுக்கே பொறுமையாக விளக்கியவர் அவர்.

கையில் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி வாசலறையிலேயே இருந்தாள்.

"என்னங்க அது?"

"ஆபீஸ் சாமான்."

"ரிட்டயர் ஆனப்புறம் என்ன ஆபீஸ்?"

"பழைய ஆபீஸ்."

மனைவி பையைப் பார்த்தாள். பையில் கடையின் பெயரும் போன் நம்பரும் ஒரு போர்டு படமும் பெரிதாக அச்சாகியிருந்தன. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மேற்கொண்டு கேட்காத மனைவி கிடைத்ததற்காக ஆடிட்டர் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆள் இல்லாத ஏரியில் வெள்ளோட்டம். மோட்டார் ஓடியது. போர்டும் நகர்ந்தது. ஆனால் கரையோரமாக நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு அம்மாள் அவரைச் சாவகாசமாக முந்திப் போனாள். நாய் இடையில் இரண்டு மரத்தடியில் நின்று, முகர்ந்து, தன் வேலையை முடித்தும் அவரைவிட முன்னால்தான் போனது.

அன்றே கடைக்குத் திரும்பினார்.

"மோட்டார்ல ஏதோ கோளாறு."

"கோளாறு மோட்டார்லதானா சார்?" என்றாள் கடைக்காரப் பெண். ஆடிட்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள். "பரவாயில்லை. நானும் யோசிச்சுப் பார்த்தேன். உங்களுக்கு இது சரிப்படாது. இதோ பாருங்க, பெரிய மோட்டார். இதுக்குப் பெரிய பேட்டரி. காத்து எதிர்த்தாலும் அசராது."

பேட்டரி சிறிய சூட்கேஸ் அளவு இருந்தது. "கொஞ்சம் கனமா இருக்கும்போல?" என்றார் ஆடிட்டர்.

"பின்னாடிதானே வைக்கப் போறோம்?"

எடை பற்றிய பேச்சு மறுபடியும் எங்கே போய் முடியுமோ என்று பயந்து, ஆடிட்டர் அதற்குமேல் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வெள்ளோட்டத்தில் வேகத்துக்குக் குறைவில்லை. பின்பக்கம் பேட்டரியின் கனத்தில் அமுங்கியது, முன்பக்கம் சலாம் போடுவதுபோல மேலே எழுந்தது. வானத்தைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போன ஆடிட்டர், பிறகு பின்பக்கமாக, உட்காருகிற கோலத்திலேயே, தண்ணீருக்குள் இறங்கினார். நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர். நல்லவேளை, அந்த நாய் அன்று வரவில்லை.

முன்பக்கம் இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டிப் பார்த்தார். வேகமாகப் போகும்போது சரியாக இருந்தது. வேகத்தைக் குறைத்ததும் மூட்டைகள் போர்டின் மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தின. இந்த முறை முன்பக்கமாக இறங்கினார். ஈரத் துண்டோடு போன் செய்தார்.

"மணல் சரிவராது சார்" என்றாள் கடைக்காரப் பெண். "அது இருந்த இடத்துலயே இருக்கும். வேகத்துல போகும்போது நல்லா முன்னாடி வரணும், மெதுவாப் போகும்போது கொஞ்சம் பின்னாடி நகரணும். சொன்னா நகர்ற மாதிரி எடை வேணும்."

"சொன்னா நகர்ற எடை எங்க விக்கிறாங்க?"

"விக்க மாட்டாங்க சார். வீட்டுல யாராவது இருப்பாங்களே."

"சொன்னா கேட்கிற எடை எங்க வீட்டுல கிடையாதும்மா."

"கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அவள்.

மகனைக் கேட்க முடியாது, அவன் சிரிப்பான். மருமகளைக் கேட்க முடியாது, அவள் எதிர்க்கட்சி. மிச்சம் ஒருத்திதான். அன்று மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள் போய், ஆடிட்டர் தாமாகவே ஒரு துண்டை எடுத்து மடித்தார். வேலைக்குப் போன காலத்திலிருந்து அவர் செய்யாத காரியம் அது.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி, பயந்துபோய்.

ஆடிட்டர் எல்லாவற்றையும் சொன்னார். மோட்டாரையும், பேட்டரியையும், மணலையும் சொன்னார். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, "முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்தா போதும். சும்மா உட்கார்ந்தா போதும்" என்றார்.

"நான் என்ன மூட்டையா?"

"மூட்டைன்னு யார் சொன்னது? மூட்டையை வச்சுப் பார்த்தாச்சு. அதுக்கு அறிவு போதலை."

மனைவி ஒரு சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஆடிட்டர் நீதிபதி முன்னால் நிற்பவர்போல நின்றார்.

"குடும்ப மானம்னு சொல்றீங்க" என்றாள்.

"ஆமா."

"அப்ப வர்றேன். ஆனா முகத்தை மறைச்சுக்கிட்டு உட்கார மாட்டேன். தொப்பி போட்டுப்பேன். கரையில தெரிஞ்சவங்க இருந்தா கையாட்டுவேன்."

"ஆட்டு."

"வாத்து வந்தா நிறுத்தணும்."

"பந்தயத்துல வாத்துக்கு எப்படி நிறுத்துறது?"

"அப்ப மணலையே கூட்டிக்கிட்டுப் போங்க."

வாத்துக்கும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்க உறவினர்கள். அகலத் தொப்பி வைத்த மனைவியைப் போர்டின் முன்பக்கம் உட்காரவைத்து, பேட்டரியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, துடுப்போடு ஆடிட்டர் நிமிர்ந்து நின்றார். அந்த நிற்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இன்னைக்கு வீட்டம்மாவுமா?" என்றார் பல் டாக்டர், பக்கத்துப் போர்டில் இருந்து. "பாரம் ஜாஸ்தி ஆகுமே சம்பந்தி. மெதுவாவே வாங்க."

கிளம்புமுன்பே சொல்லிவிட்டார். ஆடிட்டர் மணிக்கட்டை அழுத்தினார்.

போர்டு சீறிக்கொண்டு கிளம்பியது. "முன்னாடி" என்றார். மனைவி நகர்ந்தாள். மூக்கு இறங்கியது. திட்டப்படி சம்பந்திக்கு இடது பக்கமாகப் போனார். பல் டாக்டர் குனிந்து துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். முந்தும் தருணத்தில், வாழ்நாள் முழுக்க ஒத்திகை பார்த்ததுபோன்ற குரலில், "மெதுவாவே வாங்க சம்பந்தி" என்றார் ஆடிட்டர். மந்தமான காது. அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்வது கௌரவமில்லை.

அந்த ஏமாற்றத்தில் ஒரு பெரும் பிழை நடந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்க ஆடிட்டர் துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போர்டு அதே வேகத்தில் போனது.

"சம்பந்தி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "துடுப்பே போடலை, போர்டு தானாப் போகுதே?"

"நீரோட்டம்" என்றார் ஆடிட்டர், திரும்பாமல்.

"ஏரியிலயா?"

அவசரமாகத் துடுப்பைத் தண்ணீரில் போட்டார். அதே சமயம் மனைவி, "வாத்து, நாலு குஞ்சோட வருது" என்றாள். வாக்குக் கொடுத்தவர் அவர். நிறுத்துவதற்காக மணிக்கட்டை அழுத்தினார். ஈரக் கை வழுக்கியது, பட்டை கழன்றது, ரிமோட் உருண்டு போய் மனைவியின் மடியில் விழுந்தது.

"அதுல கழித்தல் குறி இருக்கும், அதை அழுத்து."

"கண்ணாடி கரையில இருக்குங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

அவள் அழுத்தியது கூட்டல் குறியை. ஆடிட்டர் துடுப்பை ஒரு பக்கமாக ஊன்றித் திருப்பப் பார்க்க, போர்டு ஆரஞ்சு உருண்டையைச் சுற்றத் தொடங்கியது. சுற்றிவிட்டுத் திரும்பவில்லை. மறுபடியும் சுற்றியது. வாத்துகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. ஒவ்வொரு சுற்றிலும் கரை எதிரே வந்தபோது மனைவி தொப்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கையாட்டினாள். பேட்டரி மேல் இருந்த துண்டு எப்போதோ பறந்து போயிருந்தது. பல் டாக்டர் துடுப்பை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். பிறர் வாயையே பார்த்துவந்தவரின் வாயை மற்றவர்கள் பார்க்கும்படி ஆனது அன்றுதான்.

கடைசியில் எந்தப் பொத்தானோ சரியாக அமுங்கி, போர்டு கரை சேர்ந்தது. உறவுக் கூட்டமே சூழ்ந்துகொண்டது. பேட்டரி எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆடிட்டர் முதுகை வளைக்காமல் நின்றார். வருவது வரட்டும், நின்றபடியே வாங்கிக்கொள்வோம் என்று நின்றார்.

முதலில் பேசியது சம்பந்தியம்மா. பேசியது இவரிடம் அல்ல, தன் கணவரிடம்.

"பார்த்தீங்களா? வீட்டம்மாவைத் தண்ணியில கூட்டிக்கிட்டுப் போகணும்னே மோட்டார் வாங்கி மாட்டியிருக்கார். நீங்களும்தான் வாராவாரம் போறீங்க. ஒரு நாள், வர்றியான்னு ஒரு வார்த்தை?"

கரையில் இருந்த சித்திமார்களும் அத்தைமார்களும் ஒரே நேரத்தில் தத்தம் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள், "மாமா, ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள். மகன் சிரிக்கவில்லை. அவனுடைய திருமண நாள் அது, அவனும் கணவன்தானே.

ஆடிட்டர் எதையும் மறுக்கவில்லை. கேட்காததைச் சொல்வது அவர் வழக்கமில்லை.

கலையும் நேரத்தில் பல் டாக்டர் அவர் பக்கமாக ஒதுங்கி, ரகசியக் குரலில், "எந்தக் கடை சம்பந்தி?" என்றார்.

"சொல்றேன்" என்றார் ஆடிட்டர். "ஆனா எடுத்தோம் கவிழ்த்தோம்னு வாங்கிடக் கூடாது. நாலும் பார்த்து, நாமே நிதானமாத் தேர்ந்தெடுக்கணும்." பிறகு, எல்லோருக்கும் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, "மெதுவாவே வாங்குங்க. அவசரமே இல்லை" என்றார்.

மறுநாள் ரிமோட்டின் பட்டையை மாற்றக் கடைக்குப் போனபோது மனைவியும் கூட வந்தாள். ஆடிட்டர் நெஞ்சை நிமிர்த்தி, நேற்றைய வெற்றியை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் மனைவி, "பட்டை கொஞ்சம் இறுக்கமா இருந்தா நல்லதும்மா" என்றாள்.

கடைக்காரப் பெண் அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அட, போன்ல பேசின அம்மா நீங்கதானா? நீங்க கேட்டுக்கிட்ட மாதிரியே, முன்னாடி ஒரு ஆள் உட்கார்ந்தே ஆகணும்கிற அளவுக்குக் கனமான பேட்டரியாப் பார்த்துத்தான் சார்கிட்ட கொடுத்தேன். உட்கார வசதியா இருந்துச்சாம்மா?"