ரோஸ் மூடிகள் ஊர் சுற்றி வந்த கதை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். ஊரடங்கில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டாலும் நீங்கள் சௌக்கியமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சித்தியும் சோப்புத் தண்ணீரும் நலம். போனில் பேசினால் சித்தி பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாயிரம் புட்டி கைகழுவும் சோப்பு போயாக வேண்டும், தவறினால் அவர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள், நாம் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தீர்கள். புட்டி இருந்தது, சோப்பு இருந்தது, அழுத்தினால் பீச்சும் மூடி மட்டும் கப்பலோடு நடுக்கடலில் நின்றது. "ஒரே ஆளை நம்பாதே, மூணு இடத்துல சொல்லி வை" என்றீர்கள். பிளாஸ்டிக் கடைக்காரர், சென்ட் கடைக்காரர், சலூன் சாமான் விற்பவர் மூவரிடமும் சொன்னேன். மூவரும் கடவுள் மாதிரி "வந்துடும்" என்றார்கள், கடவுள் மாதிரியே காக்க வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் அவர்கள் கடை வாசல்களில் தவம் கிடந்தபோது ஒரு தரகர் நம் கிடங்குக்கு வந்து, பழைய மூடி ஏதாவது கிடக்குமா என்று கேட்டிருக்கிறார். பரணில் பத்து வருஷமாகத் தூங்கிய ரோஸ் கலர் மூடிகளைக் கிடங்கு அண்ணன் மொத்தமாக இறக்கிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை மூன்று கடையிலிருந்தும் சரக்கு வந்தது. மூன்றும் ரோஸ். மூன்று பேரும் அந்த ஒரே தரகரிடம்தான் வாங்கியிருக்கிறார்கள். பெட்டிகளின் பக்கவாட்டில் உங்கள் கையெழுத்து: 'பரண். அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

"நமக்கே மூடி இல்லாதப்போ ஏண்ணே வித்தீங்க?"

"நாம போடுறது வெள்ளை மூடிம்மா. இந்த ரோஸை எந்த ஏமாந்தவனாவது வாங்குவான்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

விலையைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச வேண்டாம். வேறு வழியின்றி அதையே மாட்டி அனுப்பினோம். மறுநாள் தலைமை நர்ஸ் போன் செய்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று முதலிலேயே உட்கார்ந்துகொண்டேன். "வெள்ளை மூடின்னா மருந்துப் புட்டியோட கலந்துடும்மா. இது தூரத்துலயே தெரியுது. மாசாமாசம் இதையே அனுப்பிடுங்க" என்றார். ஆர்டர் பிழைத்தது. ஆனால் இனி ரோஸ் மூடிக்கு நான் எங்கே போவேன்? பத்து வருஷத்துக்கு முன்னால் உங்களுக்கு இதை விற்ற ஆள் யாரென்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தனியாக எழுதுங்கள். பெட்டிகளைக் கிழித்துப் போட்டாயிற்று, சித்திக்கு எதுவும் தெரியாது. நிம்மதியாக இருங்கள். பேத்தியின் சேட்டைக்கும் உங்கள் முட்டிவலிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
விற்றதையே திரும்ப வாங்கிய
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லாமல் சித்தியிடம் கேட்டேன். "குடு, நானே ஒட்டித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ஒட்டுவதற்குக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சித்தி எழுதச் சொன்னது: "எனக்குத் தெரியாம அந்த மனுஷன் வாங்கினதுல உருப்பட்டது இது ஒண்ணுதான். வித்தவன் யாருன்னு என்கிட்டயே சொல்லச் சொல்லு. பரண்ல வேற என்ன இருக்குன்னு அவர் சொல்ல வேண்டாம். ஏணி போட்டாச்சு."