ஆறு மணிக்குச் சோறு கேட்ட பெட்டி

துக்கம் வந்தால் மற்றவர்களுக்கு அழுகை வரும். எனக்குத் திட்டம் வரும். அதுவும் லேசுப்பட்ட திட்டமில்லை. பல் விளக்க மறந்து, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு, "இதோ, இப்ப முடிஞ்சிரும்" என்று செல்போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடக்க வைக்கிற திட்டம். எங்கள் பூனை செத்தபோதும் அப்படி ஒன்று வந்தது. அதனால் தூத்துக்குடியில் ஒரு கௌரவமான குடும்பத்தின் துட்டி வீட்டில், குளிர்பெட்டிக்குள் படுத்திருந்த பெரியவர் சோறு கேட்டுவிட்டார் என்று அத்தனை பேரும் நம்பும்படி ஆகிவிட்டது. (துட்டி என்றால் சாவு. இழவு விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் துட்டி கேட்கப் போவது என்போம். நான் கேட்கப் போனேன். எல்லாரும் என்னைக் கேட்கும்படி ஆனது.)

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏ.டி.ஹெச்.டி. என் வீட்டுக்காரர் செந்திலுக்கு ஆட்டிசம். இரண்டுமே கல்யாணத்துக்குப் பிறகு, மதுரையில் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. (எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.) அவருக்கு இன்றைக்கு இருப்பது போலவே நாளைக்கும் இருக்க வேண்டும். எனக்கு இந்த நிமிஷம் மாதிரியே அடுத்த நிமிஷமும் இருந்தால் தலை வெடித்துவிடும். அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். எந்தக் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நான் ஒரு அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சியில் சுங்க இலாகா காகிதங்கள் பார்க்கிறேன். என் வண்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுவும் அவருக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட எங்கள் வீட்டை ஒழுங்காக நடத்தி வந்தது சாளை. மீன்காரம்மாவின் கூடைக்குப் பின்னாலேயே வந்து தங்கிவிட்ட மஞ்சள் பூனை. சாளை மீனைத் தவிர உலகத்தில் வேறு எதையும் மதிக்காது, அதனால் அந்தப் பேர். சாயங்காலம் ஆறு மணி ஆனதும் செந்தில் மடியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக் கத்தும். அவர் எழுந்து சோறும் மீனும் பிசைந்து வைப்பார். அது தின்னும், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆறு மணிக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடா என்று என் அம்மா மூக்கில் விரல் வைத்தாள். சாளைக்கு அதுதான் நேரம், ஆகவே அவருக்கும் அதுதான் நேரம்.

வயதாகி, கிட்னி கெட்டு, சாளை போய்ச் சேர்ந்தது. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் அவரே குழி வெட்டிப் புதைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் அன்றோடு அவருடைய ராத்திரிச் சாப்பாடு நின்றுபோனது. ஆறு மணிக்குத் தட்டைக் கையில் எடுப்பார், கீழே பார்ப்பார், திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்.

"ஏங்க, பசிக்கலையா?"

"இன்னும் நேரம் ஆகல."

"மணி எட்டாகப் போகுது!"

"சாளை கூப்பிடலல்லா."

அவருடைய அம்மா இறந்தபோதும் இப்படித்தான் அழாமல், பேசாமல், சாப்பிடாமல் இருந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தடவையும் மனுஷனுக்குச் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. எப்படியாவது இவரை ஆறு மணிக்குச் சாப்பிட வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அப்போதுதான் திட்டம் வந்தது: சாளையை டெக்னாலஜியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் என்ன!

அடடா, உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! இதை இதுவரைக்கும் யாருமே யோசித்திருக்க மாட்டார்கள் என்று துள்ளினேன். (யோசித்திருந்தார்கள். அதற்கென்றே ஏகப்பட்ட ஆப்கள் இருந்தன. எல்லாவற்றையும் இறக்கினேன்.)

முதல் ஆப், சாளையின் போட்டோவைச் சிரிக்க வைத்தது. பூனைக்கு முப்பத்திரண்டு பல்லும் வந்து, ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் மாதிரி கைகூப்பியது. செந்தில் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். இரண்டாவது, சாளை மாதிரியே சாட் பண்ணுகிற ஆப். அதற்குச் சாளையின் குணம், கோபம், கடித்த ஆட்களின் விவரம் எல்லாம் ஊட்டினேன். அது, "வணக்கம்! நான் சாளை. இன்று உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?" என்று கேட்டது.

"சாளை யாருக்கும் உதவாது" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

நான் அசரவில்லை. மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். பழைய வீடியோவிலிருந்து சாளையின் சொந்தக் கத்தலைப் பிரித்தெடுத்தேன். வெறும் கத்தல் எப்படிப் போதும்? பூனை என்ன சொல்கிறது என்று தமிழிலும் வர வேண்டாமா? ஆப்பில் இருந்த குரல்களில் ஒரு வயசாளி ஆண் குரல்தான் எனக்குப் பொருத்தமாகப் பட்டது, சாளைக்கு அப்படியொரு அதிகாரம். (சாளை பெண் பூனை. அந்த உற்சாகத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.) புதிதாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகவே பேசும்படியும், ஆள் எழுந்து வந்து நிறுத்தும்வரை விடாமல் கூப்பிடும்படியும் செல்போனில் அமைத்தேன். இன்றைக்குச் சாயங்காலம் மனுஷன் சாப்பிட்டே தீருவார்! சமையலறையில் தனியாக ஒரு குத்தாட்டமே போட்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியிடமிருந்து போன். அவருடைய அப்பா காலமாகிவிட்டார். தொண்ணூறைத் தாண்டிய மனிதர், பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டார்.

"ஏம்மா ரேவதி, சாமி பாட்டு போட ஸ்பீக்கர் ஒண்ணு வேணும். மைக்செட்காரன் பூராவும் தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்துல கெடக்கான். ஒங்கிட்ட ஏதும் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி! புதுசு! நல்லா கணீர்னு கேக்கும்!"

இப்படிச் சொன்னது நான்தான். அடுத்த நொடியே ஆறு மணி விஷயம் என் மண்டையிலிருந்து சுத்தமாகக் கழன்று போனது. முதலாளிக்கு ஒத்தாசை என்கிற புதுத் திட்டம் வந்துவிட்டதல்லவா!

செந்திலும் கிளம்பினார். கல்யாண வீடு என்றால் அவருக்கு ஜுரம் வரும். துட்டி வீடு என்றால் நிம்மதியாக வருவார். "அங்கன யாரும் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க. எப்படி இருக்கன்னு கேக்க மாட்டாங்க. பேசாம உக்காந்திருந்தா மரியாதை" என்பார். யோசித்துப் பார்த்தால் சரிதான்.

அண்ணாச்சி வீட்டில் குளிர்பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது. துபாயிலிருந்து ஒரு மகன் வர வேண்டும், அதனால் எடுப்பது மறுநாள். "ஸ்பீக்கரக் கண்ணுல படாத மாதிரி வையிம்மா" என்று அண்ணாச்சி சொன்னார். நான் குளிர்பெட்டிக்கு அடியில், தொங்கிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் கச்சிதமாக வைத்தேன். அண்ணாச்சியின் அக்கா பேச்சியம்மாள், எல்லாருக்கும் பேச்சியக்கா, தன் செல்போனை அதில் இணைத்துப் பாட்டைப் போட்டார். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நான் காற்றில் மிதந்தேன்.

கல்யாணச் சாவு என்பதால் வீட்டில் அழுகையே இல்லை. காலையிலிருந்து அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுக் காப்பி சுற்றி வந்தது. ஆண்கள் வாசலில் உப்பு விலையும் கப்பல் கட்டணமும் பேசிக்கொண்டிருந்தார்கள். செந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தலை குனிந்து, நூற்றுக்கு நூறு முறைப்படி உட்கார்ந்திருந்தார்.

நாள் முழுக்கத் தகவல் சொல்லிச் சொல்லி, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சியக்காவின் செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. பாட்டு நின்றது. ஸ்பீக்கர் பாவம் என்ன செய்யும்? அனாதையாக நிற்காமல், தனக்குத் தெரிந்த இன்னொரு செல்போனைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அது என் கைப்பைக்குள் இருந்தது.

ஆறு மணி.

"மியாவ்வ்வ்!"

கூடத்தில் பேச்சு நின்றது. அடுத்ததாக, குளிர்பெட்டியிலிருந்து, கணீரென்று ஒரு வயசாளிக் குரல்:

"ஏலே! எந்தி! மணி ஆறாச்சு! சோறு எங்கலே?"

முன்வரிசையில் இருந்த ஒரு மாமா நாற்காலியோடு மல்லாக்க விழுந்தார். காப்பித் தட்டு பறந்தது. "பெருசுக்கு உசுரு இருக்குலே!" என்று ஒருத்தர். "பெட்டியத் தொறங்கலே, மூச்சு முட்டிரும்!" என்று இன்னொருத்தர். "காலைலேருந்து அடுப்பப் பத்த வைக்கல, அதான் கேக்காவ!" என்று ஒரு அம்மாள் சமையலறையைப் பார்த்து ஓடியே விட்டார். நான்கு பேர் மூடியைத் தூக்க, ஐந்தாவது ஆள் பெரியவரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பெரியவர் அசையவில்லை. குரல் மட்டும் விடவில்லை.

"மியாவ்வ்வ்! ஏலே! எந்தி!"

நான் கைப்பைக்குள் கையை விட்டேன். டிவி ரிமோட் வந்தது. (அதை ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.) மறுபடி விட்டேன். ஒரு முருங்கைக்காய், ஒற்றைச் செருப்பு, ஆபீஸ் முத்திரை. செல்போனைத் தவிர எல்லாம் வந்தது. அம்மாடி, அந்தப் பைக்குள்ளேயே நானும் போய்விட மாட்டேனா என்று இருந்தது.

அப்போது செந்தில் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் குளிர்பெட்டிக்குப் போனார். முழங்காலிட்டு வெள்ளைத் துணியில் காதை வைத்தார். "மியாவ்வ்வ்" என்றது. அவ்வளவுதான், மனுஷன் ஓவென்று கதறிவிட்டார். தோள் குலுங்க, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

பேச்சியக்கா ஓடிவந்து அவர் முதுகைத் தடவினார். "ஏய்யா தம்பி, எங்கப்பா மேல ஒனக்கு அவ்வளவு பாசமாய்யா?"

பொய் சொல்வது செந்திலுக்கு வராது. துட்டி வீட்டிலும் வராது.

"இல்லக்கா. ஒங்க அப்பாவ நான் பாத்ததே இல்ல. இது எங்க பூனை. செத்துப் போச்சு."

மூடியைத் தூக்கிய நான்கு பேரும் அதை மெதுவாகத் திரும்ப இறக்கினார்கள். (சாளை மட்டும் இன்னொரு தடவை சோறு கேட்டது. அப்புறம்தான் செல்போன் கையில் அகப்பட்டது.) அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஆப், ஸ்பீக்கர், கிட்னி, வயசாளிக் குரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பேச்சியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "காலைலேருந்து வந்தவன் பூராவும் கல்யாணச் சாவு, கல்யாணச் சாவுன்னு காப்பி குடிச்சிட்டுப் போறான். எங்கப்பாவுக்கு வாய்விட்டு அழ ஒரு நாதி இல்ல. ஒரு பூனைக்கு இருக்கு பாரு!" என்றவர், செந்தில் தோளைப் பிடித்துக்கொண்டு "எப்பா!" என்று அலறினார். அடுத்து அண்ணாச்சி. அவரைப் பார்த்து மற்றவர்கள், கொள்ளுப்பேரன்வரை. கூடம் முழுக்க அழுகை. உப்பு விலை பேசியவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் செந்தில் தட்டை எடுத்தார். சோறு போட்டுக்கொண்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்! நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "அந்த ஆளு குரல எடுத்துரு ரேவதி. சாளை யாரையும் ஏலேன்னு கூப்பிடாது" என்றார். கொஞ்சம் யோசித்து, "பூராவும் எடுத்துரு. அது செத்துப் போச்சுல்லா" என்றார். எடுத்துவிட்டேன். எனக்கும் அன்றைக்குத்தான் நிம்மதியாகப் பசித்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை வெளியே சொல்லியே இருக்க மாட்டேன். பெரியவருக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணாச்சி, பேச்சியக்கா, மகன்கள், மருமகள்கள், ஒரு வேன் நிறைய ஆள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. நேரே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். காப்பி போடவா, காலில் விழவா?

செந்திலுக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அவர்கள் எதிரில் தலை குனிந்து உட்கார்ந்தார். துட்டிக்கு வந்தவர்கள் வீட்டுத் துட்டிக்கு நாமும் போக வேண்டும். அதுதான் முறை. அவர்கள் எங்கள் பூனைக்குத் துட்டி கேட்க வந்திருந்தார்கள்.

"கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா தம்பி?" என்றார் பேச்சியக்கா.

"ரெண்டு நாள் தண்ணி இறங்கல."

"எங்கப்பாவுக்கும் அப்படித்தான்யா." பிறகு எல்லாரும் எழுந்தார்கள். அண்ணாச்சி வாய் தவறி, "சரிம்மா, போயிட்டு வா..." என்று ஆரம்பிக்க, பேச்சியக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார். "ஏலே, துட்டி வீட்டுல போயிட்டு வாரேம்பியா? அறிவு இருக்கா ஒனக்கு?"

முதலாளி, முதுகைத் தடவிக்கொண்டே, ஒரு வார்த்தை பேசாமல் வேனில் ஏறினார். அதன் பிறகு எங்கள் ஆபீசில் யாராவது துட்டிக்கு லீவு கேட்டால், "மனுஷத் துட்டியா, பூனைத் துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

போன மாதம் அவர்கள் வீட்டில் ஒரு பெரியம்மா தவறிவிட்டார்கள். பேச்சியக்கா எனக்குப் போன் செய்யவில்லை, செந்திலுக்குத்தான் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"தம்பி, நீ கட்டாயம் வந்துரணும். இங்கன ஒருத்தனும் அழ மாட்டேங்கான். ஒம் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. அவ பையை மட்டும் வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லு."