கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய பஸ்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையை முதல் பக்கம் தொடங்கி 'காணவில்லை' விளம்பரம் வரை வரி விடாமல் படிக்கும் தையற்காரன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் அலுவலகத்தாரும் நலமாயிருக்க வேண்டும். இது புகார் அல்ல. ஒரு சந்தேகம் நாலு நாளாக மண்டையைக் குடைகிறது, அவ்வளவுதான்.

என் மனைவி பஸ் டிரைவர். போன செவ்வாய்க்கிழமை பாலத்துச் சரிவில் பிரேக் போய், நாற்பத்தோரு பயணிகளோடு ஓடிய பஸ்ஸை ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லாமல் நிறுத்தினாள். மறுநாள் தங்கள் செய்தி: 'பச்சை உடையணிந்த அந்த இளம் தாய், கண்களை இறுக மூடி, தன் இரு குழந்தைகளை நினைத்தபடி ஸ்டியரிங்கைப் பற்றினார்.' அவள் போட்டிருந்தது கருநீலச் சீருடை. வயது நாற்பத்தாறு, 'இளம்' என்பதை அவள் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் டிப்போ மேலாளர் பேப்பரும் கையுமாகக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, சரிவுல கண்ணை மூடிட்டா ஓட்டினீங்க?"

"மூடியிருந்தா மணல் குவியல் எங்க இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"பேப்பர்லயே போட்டிருக்கே!"

விசாரணை முடியும்வரை பஸ்ஸைத் தொடக் கூடாதாம். பாவம், பழக்கத்தில் விடியுமுன் எழுந்து சீருடை மாட்டுகிறாள், பிறகு ஞாபகம் வந்து கழற்றுகிறாள்.

போன வருஷம் வேறொரு டிரைவர், ஆண், இதே மாதிரி நிறுத்தினார். எந்த கியரில் இறக்கினார் என்பதுவரை போட்டீர்கள். அவருக்கும் மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளையாவது அவர் நினைவுக்கு வந்ததாகச் செய்தியில் இல்லை. என் மனைவியிடம் கியர் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியுமே யாரும் கேட்கவில்லை. அப்படியிருக்க, அவள் கண்ணை மூடியதைப் பார்த்தது யார் ஐயா? விசாரித்துத் திருத்தம் வெளியிட வேண்டும்.

தங்கள் அச்சகமும் குடும்பமும் ஒரு குறையுமின்றித் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
டிரைவரின் கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் என் மனைவி தங்கள் நிருபருக்கே போன் போட்டுவிட்டாள். "உங்க வீட்டுக்காரர்தாங்க சொன்னாரு" என்றாராம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பேண்ட் தைக்க அளவு கொடுத்தவர் பேச்சுக் கொடுத்தார். நிருபரென்று எனக்கு எப்படித் தெரியும்? "கண்ணை மூடிப் பிள்ளைங்களைத்தான் நினைச்சிருப்பா" என்று அளந்துவிட்டது நான்தான். என்ன உடை என்றதற்கு, மிஷினில் கிடந்த பச்சைத் துணியைப் பார்த்துப் பச்சை என்றேன்.

"அவரு என்னைக் கேட்டிருக்கணும். நீங்க வாயை மூடியிருக்கணும்" என்கிறாள். இரண்டும் நியாயமே. ஆகவே திருத்தத்தில் இதைப் போடவும்: "இரண்டாவது கியருக்கு இறக்கினேன். கைப்பிரேக்கை விட்டு விட்டு இழுத்தேன். இடது ஓரத்து மணலில் ஏற்றி நிறுத்தினேன்."

அவள் சொல்லச் சொல்ல எழுதியது. நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.