துள்ளுமாரியும் வயித்தெரிச்சல் அண்ணனும்

தருமபுரி மாவட்டத்தில் பொறாமைக்கு ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் தெரு வயித்தெரிச்சல் அண்ணனுக்குத்தான். வாங்கிய கையோடு இரண்டாம் பரிசுக்காரனைப் பார்த்தும் பொருமுவார்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கு நாலைந்து செம்மறி வளர்க்கும் தெரு எங்களுடையது. அடுத்தவர் ஆடு கொழுத்தால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. என் கிடா கருப்பனைப் பார்க்கத் தினமும் வருவார்.

“என்னாத்தங்க போடறீங்க இதுக்கு? எங்கூட்டு ஆட்டுக்கும் அதே புல்லு, அதே தண்ணி. எலும்பு எனக்கு, கறி ஒங்களுக்கா? நல்லா இருக்குதுங்க நாயம்!”

போன வருஷம் முதல் மழை பெய்து புல் முளைத்ததும், எதிர்வீட்டு சரோஜாவின் கொழுத்த குட்டி துள்ளி விழுந்து செத்தது. மறுநாள் பக்கத்து வீட்டுக் குட்டி. இரண்டுமே அண்ணன் பார்த்துப் பொருமியவை. போதாதா? அவர் தலை தெரிந்தாலே எல்லோரும் பட்டியை மூடினார்கள்.

கால்நடை டாக்டரம்மா வந்து செத்த குட்டியை அறுத்துப் பார்த்தார். “துள்ளுமாரிங்க. குடல்ல இருக்கற பாக்டீரியாதான். புதுப்புல்ல வயிறு முட்டத் தின்னா அது பெருகி விஷத்தக் கக்கும். நல்லாக் கொழுத்ததாப் பாத்துத்தான் அடிக்கும்.”

“கேட்டுக்குங்க! நான் இல்ல!” என்று குதித்த அண்ணனின் முகம் உடனே சுருங்கியது. “இத்தினி வருஷமா பொகையறேன், என்னால ஒரு ஆட்டுக்குத் தும்மல் வந்திருக்குமா? கண்ணுக்கே தெரியாத கழுத, அதுக்கு வந்த வாழ்வப் பாருங்க!”

பாக்டீரியாவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இந்த வருஷம் மழைக்கு முன்பே தடுப்பூசி முகாம். ஊசி போட்டால் கிடா மெலிந்துவிடும் என்று எவனோ சொன்னதை நம்பி, கருப்பனைக் குளியலறையில் பூட்டிவைத்தேன். டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு அண்ணன் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“கருப்பன் எங்கீங்க?”

“சந்தையில வித்துட்டேங்கண்ணே.”

“பொய் சொல்லாதீங்க. நேத்து அதப் பாத்துட்டுப் போயிதான் எனக்குத் தூக்கமே வரல.”

உள்ளேயிருந்து கருப்பன் “மே” என்றான். அண்ணன் கதவைத் திறந்து கொம்பைப் பிடித்து இழுத்து வந்தார். நான் தடுக்கப் போனதும் என் கையைத் தட்டிவிட்டார்.

“இது செத்துச்சுன்னா நான் யாரப் பாத்துங்க பொகையறது?”

ஊசி போட்டார்கள். மழை பெய்தது, புல் முளைத்தது. கருப்பன் தின்று கொழுத்து, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் அண்ணன் இப்போது சரோஜாவின் புதுக்குட்டியைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறார். அப்படி என்ன இருக்கிறது அதனிடம்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று பொறுக்க முடியாமல் வாசலில் நின்று கூப்பிட்டே விட்டேன். “அண்ணே, ஒரு எட்டு வந்து நம்ம கருப்பனையும் பாத்துட்டுப் போங்க.”